சிவப்பு மையில் இருந்தவை

பிப்ரவரி 3, திங்கள்

பயிலரங்கு இன்று தொடங்கியது. ஆய்வேடு எழுதுவதற்கான கணினித் திறன்கள், பத்து நாள், பல்கலைக்கழக நூலகத்தின் மேல்மாடியில். இதன் சான்றிதழ் இல்லாமல் ஆய்வேட்டை வாங்க மாட்டார்கள். நான் உள்ளே நுழைந்ததும் இருபத்திரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். சிறப்பு விருந்தினர் என்று நினைத்துவிட்டார்கள். நானும் ஆய்வு மாணவன்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தபின் அவர்களாகவே புரிந்துகொண்டு உட்கார்ந்தார்கள்.

பக்கத்து இருக்கையில் ஜெபசெல்வி என்ற பெண். தனியார் கல்லூரி ஒன்றில் தற்காலிக ஆசிரியை. பட்டம் வந்தால்தான் வேலை நிரந்தரமாகுமாம்.

“சாருக்கு என்ன வயசு?”

“அறுபத்தெட்டு.”

“எங்க அப்பாவ விட ரெண்டு வயசு கூட. மவுஸ அப்பிடி அமுக்காதிய சார், அது ஓடிராது.”

பயிற்றுநர் ஒப்புமைச் சோதனை பற்றிச் சொன்னார். ஆய்வேட்டை ஒரு மென்பொருள் வாசித்து, பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று விழுக்காட்டில் சொல்லும். பத்துவரை பரவாயில்லை. பத்துக்கு மேல் நாற்பதுவரை திருத்தித் தர ஆறு மாதம். நாற்பதுக்கு மேல் அறுபதுவரை ஓராண்டுத் தடை. அறுபதைத் தாண்டினால் பதிவே ரத்து. இதை இரண்டு முறை எழுதிக்கொண்டேன்.

என் பதிவுக்காலம் மார்ச் 28 மாலை ஐந்து மணியோடு முடிகிறது. இரண்டு நீட்டிப்பும் வாங்கியாகிவிட்டது. மூன்றாவது கிடையாது. ஆகவே எனக்கு ஓராண்டுத் தடையும் ரத்தும் ஒன்றுதான்.

பிப்ரவரி 4, செவ்வாய்

கோப்பைச் சேமிக்காமல் மூடிவிட்டேன். பதினொரு வரி போயிற்று. பென் டிரைவை இனி மூக்குக் கண்ணாடிக் கூட்டிலேயே வைப்பது என்று முடிவு.

பிப்ரவரி 6, வியாழன்

இன்று அடிக்குறிப்பு. வாக்கியத்தின் முடிவில் சுட்டியை வைத்து ஒரு கட்டளை கொடுத்தால் சிறிய எண் ஒன்று விழுகிறது. பக்கத்தின் அடியில் அதே எண் நமக்காகக் காத்திருக்கிறது. நடுவில் புதிதாக ஒன்றைச் சேர்த்தால் மற்றவை தாமாகவே நகர்ந்து இடம் கொடுக்கின்றன. வெகுநேரம் சேர்ப்பதும் நீக்குவதுமாக இருந்தேன்.

“எழுதும்போதே போடுங்க. அப்புறம் போட்டுக்கலாம்னு நினைக்கிறவங்க போடுறதே இல்ல” என்றார் பயிற்றுநர். என்னைப் பார்த்துச் சொன்னதுபோல் இருந்தது. அப்படி இல்லாமலும் இருக்கலாம்.

என் குறிப்புகள் பதினாறு நீளநோட்டுகளில் இருக்கின்றன. நீதிமன்றத்தில் எழுத்தராகச் சேர்ந்து மொழிபெயர்ப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். மூலத்தில் உள்ளதைச் சிவப்பு மையிலும் என்னுடையதை நீல மையிலும் எழுதுவது அங்கே நானாக ஏற்படுத்திக்கொண்ட பழக்கம். முப்பத்தொரு ஆண்டில் ஒரு வரிகூட மாறிப்போனதில்லை. ஆய்வுக் குறிப்புகளையும் அப்படியே எழுதினேன். நூல்களிலிருந்து எடுத்தவை சிவப்பு. நான் யோசித்தவை நீலம். மேற்கோள் குறி போடுவதில்லை. நிறம் இருக்கும்போது குறி எதற்கு?

நோட்டுகளைத் தட்டச்சு மையத்தில் கொடுத்து அடித்து வாங்கினேன். தட்டச்சில் ஒரே நிறம்தான்.

பிப்ரவரி 10, திங்கள்

ஆய்வேட்டைச் சோதனைக்குக் கொடுத்தாயிற்று. படிவத்தில் மெஹர்பானு மேடம் கையெழுத்துப் போட்டார். என் நெறியாளர், என் மகளாக இருக்கக்கூடிய வயது. “நயினார் சார், நாலாவது இயல்ல அந்த வரி இருக்குல்ல, அதுக்காகவே பட்டம் குடுக்கலாம்” என்றார் மறுபடியும்.

அந்த வரி இது: ‘சாட்சி சொன்னது ஒரு வாக்குமூலம், எழுத்தர் எழுதியது இன்னொரு வாக்குமூலம், இரண்டுக்கும் கீழே விழுவது ஒரே கைநாட்டு.’

ஆய்வின் தலைப்பே அதுதான். பேச்சில் வரும் சாட்சியம் நீதிமன்றத்தில் எப்படி எழுத்துத் தமிழாகிறது என்பது. ஏன் இந்தத் தலைப்பு என்று முதல் நேர்காணலில் கேட்டார்கள். ஆர்வம் என்றேன்.

பிப்ரவரி 12, புதன்

பூஜ்யம்.

நூலக அலுவலர் தாளை நீட்டி, கைகுலுக்கினார். “என் சர்வீஸ்ல தமிழ்த் துறையில இப்பதான் பாக்கேன்” என்றார். ஜெபசெல்வி வகுப்பு முழுவதும் கேட்கும்படி சொன்னாள். கைதட்டினார்கள். மேடம் கைப்பேசியில் மூன்று பூப்படம் அனுப்பினார். உலகம்மாள் அடுத்த வீட்டுச் சுவருக்கு மேல் எட்டி நின்று, “எங்க வீட்டுக்காரரு ஒரு வரி காப்பி அடிக்கலயாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ரவா கேசரி செய்தாள்.

கேசரியை விரலால் பிசைந்துகொண்டிருந்தேன்.

“என்ன, தட்டுல கோலம் போட்டுக்கிட்டு இருக்கிய?”

“வயிறு சரியில்லை.”

மூன்றாம் இயலில் ஒரு சட்ட நூலிலிருந்து இரண்டு பக்கம் மேற்கோளாகவே கொடுத்திருக்கிறேன். குறி போட்டு, நூல் பெயரும் போட்டு. அந்த நூல் இணையத்தில் இருக்கிறது. வேறு எதைக் காணாவிட்டாலும் மென்பொருள் அதைக் கண்டிருக்கவேண்டும். பூஜ்யம் எப்படி வரும்?

பிப்ரவரி 13, வியாழன்

எப்படி வரும் என்று தெரிந்தது.

அவரவர் ஆய்வேட்டிலிருந்து ஒரு பத்தியை எடுத்து இணையத்தில் ஒட்டித் தேடச் சொன்னார் பயிற்றுநர். நான் ஒட்டினேன். தேடும் பெட்டியில் தமிழே இல்லை. பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரிசையாக நின்றன. பயிற்றுநர் முன் வரிசையில் இருந்தார். ஜெபசெல்வி என் கையைத் தட்டி அதை அழித்தாள்.

“சார், சத்தம் போடாதிய. உங்களது பழைய எழுத்துரு. கண்ணுக்குத்தான் தமிழு, கம்ப்யூட்டருக்கு அது வெறும் இங்கிலீஷ் எழுத்து. சோதனை மிஷினுக்கு ஒண்ணும் வெளங்காது. வெளங்காததுக்குப் பூஜ்யம் போட்டுரும்.”

“இது உனக்கு முன்பே தெரியுமா?”

“பாதிப் பேருக்குத் தெரியும். நானும் அதுலதான் அடிச்சு வச்சிருக்கேன். மிஷினுக்கு வெளங்குத யூனிகோடுல குடுங்கன்னு நூலகத்துல கேக்கதில்ல. அவங்களா கேக்காதவரைக்கும் நாம ஏன் சார் வாயத் தொறக்கணும்?”

வீட்டுக்கு வரும்போது இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கிவிட்டேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

சான்றிதழ் தந்தார்கள். ரத்த அழுத்தம் 170/100. உலகம்மாளிடம் 140 என்றேன்.

பிப்ரவரி 17, திங்கள்

பரணிலிருந்து நோட்டுகளை இறக்கினேன். ஆய்வேட்டை ஒரு பக்கம், நோட்டை ஒரு பக்கம் வைத்து வரிவரியாகப் பார்த்தேன். நான்காம் நோட்டில் ஆறு பக்கம் தொடர்ந்து சிவப்பு. ஆய்வேட்டில் அந்த ஆறு பக்கமும் என் எழுத்தாக, குறியில்லாமல், சாதுவாக இருக்கின்றன. ஏழாம் நோட்டிலும் அப்படியே. மாலைவரை பார்த்ததில், நன்றாக எழுதியிருக்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த இடங்கள் பெரும்பாலும் சிவப்பு.

இது திருட்டு அல்ல. நிறம் தவறிப்போனது. எந்த வரி எவருடையது என்று தட்டச்சு மையத்தில் எவரும் என்னைக் கேட்கவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

தட்டச்சு மையத்துக்குப் போனேன். பேச்சியம்மாள்தான் முழுவதையும் அடித்தவள்.

“யூனிகோடுக்கு மாத்தணுமா? மாத்திரலாம் சார், அரை மணி நேரம். எதுக்கு? பூஜ்யம் வந்துட்டாம்லா?”

“ஒரு பிரதி இருக்கட்டும் என்று.”

“ஒத்து வேற பாக்கணும். மாத்தும்போது கொம்பு, காலு எல்லாம் எடம் மாறிக் கெடக்கும்.” பிறகு, கணினியைப் பார்த்தபடியே, “அன்னைக்கே கேட்டேன்லா சார், செவப்புல இருக்கத எப்படி அடிக்கன்னு. சாய்வெழுத்துல போடவான்னுகூடக் கேட்டேன்” என்றாள்.

அவள் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நாள்முழுக்க நூறு பேரிடம் பேசுகிறவள். வேறு யாரையாவது நினைத்துக்கொண்டிருப்பாள்.

பிப்ரவரி 24, திங்கள்

மாற்றிய கோப்பை ஜெபசெல்வி தன் கல்லூரியின் கணக்கில் ஓட்டிப் பார்த்தாள். நாற்பத்து மூன்று.

“பாத்திட்டியளா? நிம்மதியா? இப்ப இத மறந்துருங்க.”

“மேடத்திடம் சொல்லவேண்டாமா?”

“சார், நீங்க பென்ஷன் வாங்குதிய. பட்டம் வந்தா ஒரு போட்டோ மாட்டுவிய, அவ்வளவுதான். நீங்க சொன்னா நாளைக்கே நூலகத்துல எல்லாருக்கும் யூனிகோடு கேப்பாவ. எனக்குக் குழந்த ரெண்டு வயசு. நான் எத்தன நாள் தற்காலிகமாவே இருக்கது?”

வாயைத் திறந்தால் நாற்பத்து மூன்று. என் ஆறு ஆண்டும் போய், இவளும் மாட்டிக்கொள்வாள். திறக்காவிட்டால் ஜூன் மாதம் முனைவர் ஆறுமுகநயினார். பயத்தை இரண்டு பக்கமும் வைத்து நிறுத்துப் பார்த்தேன். எந்தத் தட்டும் இறங்கவில்லை.

மார்ச் 1, சனி

எவரிடமும் எதுவும் சொல்லாமல், வேலையை மட்டும் தொடங்கியிருக்கிறேன். சிவப்பு வரி ஒவ்வொன்றுக்கும் மேற்கோள் குறி, அடிக்குறிப்பு, நூல், பக்கம். காலை ஐந்தரை முதல் பதினொன்றுவரை. மதியம் இரண்டு முதல் ஆறுவரை. நீளமானவற்றை நீக்கிவிட்டு என் சொற்களில் எழுதுகிறேன். என் சொற்கள் மெலிந்திருக்கின்றன. இன்று அடிக்குறிப்பு 58வரை.

உலகம்மாள் எட்டிப் பார்த்து, “பூஜ்யம் வாங்குனவுகளுக்கு இவ்வளவு வேலயா?” என்றாள்.

மார்ச் 6, வியாழன்

ஒன்பதாம் நோட்டை எடுக்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இன்று எடுத்தேன்.

வெள்ளம் வந்த டிசம்பரில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். பரணில் ஏற்றாமல் விட்ட ஒரே நோட்டு அது. வெயிலில் காயவைத்து எடுத்தபோது இரண்டு மையும் கரைந்து, பக்கங்கள் முழுக்க ஒரே வெளிர் ஊதா. எழுத்தைப் படிக்க முடிகிறது. நிறம் இல்லை.

நான்காம் இயல் முழுவதும் இந்த நோட்டிலிருந்துதான். மேடம் சொல்லும் அந்த வரி, ஒரே கைநாட்டு, இதில்தான் இருக்கிறது. நாற்பதாவது பக்கம், கீழிருந்து மூன்றாவது வரி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன்.

மென்பொருள் இந்த வரியைப் பிடிக்கவில்லை. ஆனால் நான் படித்த பழைய நூல்களில் பாதி இணையத்தில் ஏறாதவை. இவ்வளவு நன்றாக இருக்கும் ஒரு வரி என்னுடையதாக இருக்க நியாயமில்லை.

மார்ச் 7, வெள்ளி

மறுபடியும் ஜன்னலில் பார்த்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

மேடத்திடம் சொல்லிவிட்டேன். சொல்வதற்காக எழுதி எடுத்துப்போன தாளை மேசையில் வைத்தேன். அவரே வாங்கி வாசித்தார். எழுத்துரு, நாற்பத்து மூன்று, சிவப்பு மை எல்லாம் அதில் இருந்தது. ஜெபசெல்வியின் பெயர் இல்லை.

வாசித்து முடித்துத் தாளை இரண்டாக மடித்தார்.

“நயினார் சார், அந்தப் படிவத்துல நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

“அதனால்தான் வந்தேன், மேடம்.”

“நீங்க வராமலே இருந்திருக்கலாம்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. தப்பா எடுத்துக்காதீங்க.” தண்ணீர் குடித்தார். “சமர்ப்பிக்கிறதுக்கு முன்னாடி பழைய சோதனைய நெறியாளர் திரும்ப வாங்கிக்கலாம். நான் எழுதிக் குடுக்கேன். எழுத்துருவப் பத்தியும் எழுதித்தான் ஆகணும். இருபத்தெட்டாம் தேதி காலையில திருத்துனத யூனிகோடுல கொண்டாங்க. பத்துக்குள்ள வரணும். பதினொண்ணு வந்தாலும் ஆறு மாசம் குடுப்பாங்க, உங்களுக்கு அந்த ஆறு மாசம் கெடையாது.”

வாசல்வரை போனவன் திரும்பி வந்து அந்த வரியைப் பற்றிச் சொன்னேன். என்னுடையதா என்று தெரியவில்லை என்றேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அது உங்க வரின்னுதான் நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தேன்” என்றார்.

மார்ச் 14, வெள்ளி

இனி எல்லோரும் யூனிகோடில்தான் தரவேண்டும் என்று நூலகத்தில் அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். படிக்கட்டில் ஜெபசெல்வி எதிரே வந்தாள். பேசாமல் இறங்கிப் போனாள்.

மார்ச் 18, செவ்வாய்

அடிக்குறிப்பு 171. வலது தோளில் வலி. தைலம்.

மார்ச் 22, சனி

உலகம்மாள் எதிரே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்த வரியை மேற்கோள் குறிக்குள் போட்டு, ‘மூலம் தெரியவில்லை’ என்று அடிக்குறிப்பு கொடுப்பதென்று முடிவு செய்திருந்தேன். சரியாக இருக்கிறதா என்று வாய்விட்டு வாசித்தேன்.

“இத எதுக்கு இப்ப வாசிக்கிய?” என்றாள்.

“யார் எழுதியது என்று தெரியவில்லை. அதுதான் குழப்பம்.”

“எழுதுனது யாருன்னு எனக்குத் தெரியாது. சொன்னது நீங்க.”

நான் பேனாவை வைத்துவிட்டேன்.

“பூக்காரி தங்கபுஷ்பம் கேசு அன்னைக்கு. வந்து சட்டையக்கூடக் கழத்தாம நடுவீட்ல உக்காந்திய. சாப்பிடக் கூப்பிட்டா, ‘அவ சொன்னது ஒண்ணு, நான் எழுதுனது ஒண்ணு, ரெண்டுக்கும் அவதான் கைநாட்டு வச்சா’ன்னிய. நாலு நாளு அதையே சொன்னிய. நான் பயந்துபோய் எங்க அண்ணனக் கூட்டிட்டு வந்தேன்லா.”

“அப்படியா? எனக்கு நினைவில்லை.”

“உங்களுக்கு நெனவில்லயாக்கும்” என்று சொல்லிவிட்டுக் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மார்ச் 23, ஞாயிறு

நினைவிருக்கிறது.

1991, ஆகஸ்ட். குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தேன். அரிசி ஆலைக் கணக்கர் ஒருவர் சுமைதூக்கும் ஆளை அடித்து, அந்த ஆளுக்கு ஒரு கண் போன வழக்கு. தங்கபுஷ்பம் மூன்றாவது சாட்சி. நீதிபதிக்கு அன்று காய்ச்சல்; சாட்சி சொல்வதைக் கேட்டு எழுதுமய்யா என்று என்னிடம் விட்டுவிட்டுக் கண்ணை மூடியிருந்தார். அவள் சொன்னாள்: “நான் பாக்கல சாமி. ஆனா சத்தம் கேட்டுச்சு. கணக்குப்பிள்ள அடிக்காரு, கணக்குப்பிள்ள அடிக்காருன்னு அவன் கத்துனது கேட்டுச்சு.”

நான் முதல் வாக்கியத்தை எழுதினேன். எதிர்த்தரப்பு வக்கீல் பேனாவால் மேசையைத் தட்டி, “ம், அடுத்தது” என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் ஏழு வழக்குக்காரர்கள் நின்றார்கள். ‘நான் பார்க்கவில்லை’ என்பதோடு முற்றுப்புள்ளி வைத்தேன். அதன்கீழ், வழக்கப்படி, ‘படித்துக் காட்டப்பட்டு, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது’ என்று எழுதினேன். படித்துக் காட்டவில்லை. அவள் கட்டைவிரலை நீட்டினாள். மை ஒற்றினேன்.

கணக்கர் விடுதலையானார்.

பேச்சியம்மாளும் கேட்டாள். சிவப்பை எப்படி அடிக்க என்று கேட்டாள், சாய்வெழுத்தில் போடவா என்று கேட்டாள். என் பின்னால் நான்கு பேர் காத்திருந்தார்கள். “எல்லாத்தையும் சேர்த்தே அடிச்சிரும்மா” என்றேன். அச்சடித்து வந்ததை வாசித்தபோது எல்லாம் ஒரே ஆள் எழுதியதுபோல் சீராக இருந்தது. மகிழ்ச்சியாகவும் இருந்தது. இதை மறைப்பதற்கில்லை.

மார்ச் 27, வியாழன்

அந்த வரியின் மேற்கோள் குறியையும் ‘மூலம் தெரியவில்லை’ என்ற அடிக்குறிப்பையும் எடுத்துவிட்டேன். வாக்கியத்தின் முடிவில் சுட்டியை வைத்துக் கட்டளை கொடுத்தேன். 212 என்ற எண் விழுந்தது. பக்கத்தின் அடியில் அதே எண் காத்திருந்தது. அதில் நான்கு வாக்கியம் எழுத இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு இருந்த பத்தொன்பது அடிக்குறிப்புகளும் தாமாகவே நகர்ந்துகொண்டன.

மார்ச் 28, வெள்ளி

காலை ஒன்பது மணிக்கே நூலகம். எனக்கு முன்னால் ஜெபசெல்வி.

“முப்பத்தாறு வந்துருக்கு சார். ஆறு மாசம் குடுத்திருக்காவ” என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

“என்னால்தான்.”

“ஆமா, உங்களாலதான்.” பிறகு, “பென் டிரைவ் கூட்டுல இருக்கா? எடுத்து வச்சுக்கிடுங்க. அடுத்தது நீங்கதான்” என்றாள்.

பத்தே முக்காலுக்குத் தாள் வந்தது. எட்டு விழுக்காடு.

மேடம் கையெழுத்துப் போடுவதற்குமுன் நான்காம் இயலைப் புரட்டினார். அடிக்குறிப்பு 212இல் நின்றார். இரண்டு தடவை வாசித்திருக்கவேண்டும்.

“சார், இது ஆய்வேட்டுக்கு அவசியமில்ல. வாய்மொழித் தேர்வுல வேற எதையும் கேக்க மாட்டாங்க. இதத்தான் கேப்பாங்க. முன் வரிசையிலயே உங்க கோர்ட் ஆட்கள் உக்காந்திருப்பாங்க.”

“தெரியும், மேடம்.”

“பயமா இல்லையா?”

“இருக்கிறது.”

அவர் கையெழுத்துப் போட்டார். மூன்று ஐம்பதுக்கு அலுவலகத்தில் ஐந்து பிரதிகளையும் கொடுத்து ரசீது வாங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் என் பிரதியைத் திறந்தேன். உலகம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். நிறுத்தி நிறுத்தி வாசித்தேன்.

“212. இந்த வாக்கியம் ஆய்வாளருடையது. 1991 ஆகஸ்டில் சாட்சி தங்கபுஷ்பம், ‘நான் பாக்கல சாமி. ஆனா சத்தம் கேட்டுச்சு. கணக்குப்பிள்ள அடிக்காரு, கணக்குப்பிள்ள அடிக்காருன்னு அவன் கத்துனது கேட்டுச்சு’ என்று சொன்னதில், ‘நான் பார்க்கவில்லை’ என்பது மட்டுமே எழுதப்பட்டது. சாட்சிக்கு அது படித்துக் காட்டப்படவில்லை. எழுதியவர் இந்த ஆய்வாளர்.”

அவள் முழுவதையும் கேட்டாள். மறுபடி ஒரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

“சரியாத்தான் இருக்கு” என்றாள்.